அனுப்பியது அறிவித்ததாகாது

இங்கிலாந்தின் சமுதாயப் பள்ளிகள் உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பில் நடப்பவை. நிலமும் கட்டடமும் கவுன்சிலுடையவை. ஆசிரியர்களை வேலைக்கு அமர்த்துவதும், யாருக்கு இடம் கொடுப்பது என்ற விதியை வகுப்பதும் கவுன்சில்தான். 1998ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் இந்த வகைக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. பள்ளியைச் சுற்றி வாழ்கிறவர்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே படிக்கிறார்கள். லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ், வங்காளம், குஜராத்தி, சோமாலி, ருமேனியம் பேசும் வீடுகளிலிருந்து ஒரே வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். செப்டம்பரில் தொடங்கி கிறிஸ்துமஸ் விடுமுறை வரை நீளும் இலையுதிர்காலப் பருவத்தில் இந்த வீடுகளுக்குப் பள்ளி அனுப்பும் செய்திகள் ஏராளம். அவற்றில் பல போய்ச் சேருவதில்லை. ஏன் என்று கேட்டால் பள்ளி அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் நிர்வாகக் குழுவிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: எல்லாவற்றையும் பள்ளியின் கைபேசிச் செயலியில் போட்டாயிற்று, படிக்காதது பெற்றோரின் குற்றம், அக்கறை உள்ளவர்கள் எப்படியாவது தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கருத்து இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. நல்லெண்ணம் கொண்ட தலைமையாசிரியர்களும் இதைச் சொல்கிறார்கள். பெற்றோரில் வசதியான பாதியும் சொல்கிறது. ஆனால் இது தவறான கருத்து. செய்தி புறப்பட்டதை மட்டும் கணக்கில் வைத்து, அது யாருக்குப் புரிந்தது, யாரால் அதன்படி செய்ய முடிந்தது என்பதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. அப்படி நீக்கியதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

இலையுதிர்காலப் பருவத்தை மற்ற பருவங்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஓராண்டின் முக்கியமான முடிவுகளில் பெரும்பகுதி இந்த ஏறத்தாழ பதினைந்து வாரங்களுக்குள் விழுந்துவிடுகிறது. நான்கு வயதில் ரிசப்ஷன் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அடிப்படை மதிப்பீடு நடக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை மாணவர் கணக்கெடுப்பு; பள்ளிக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நாளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. காய்ச்சல் தடுப்பு மருந்துக்கான ஒப்புதல், பெற்றோர் சந்திப்பு, அரைப்பருவ விடுமுறை, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளி விண்ணப்பம் எல்லாம் இதற்குள்தான். கூடவே அறுவடை விழா, போரில் இறந்தோருக்கான நவம்பர் 11 நினைவுநாள், ‘சில்ட்ரன் இன் நீட்’ என்ற அறநிதி திரட்டும் நாளில் சீருடைக்குப் பதில் வண்ண உடை, டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு நாடகம். ஒரு குடும்பம் அந்தப் பள்ளிக்குப் புதிதாக வரும் மாதங்களும் இவைதான். விதிகள் ஒன்றும் தெரியாதவர்களிடம் மிக அதிகமான விதிகளை எதிர்பார்க்கும் பருவம் இது.

பெற்றோர் விலகி நிற்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1967இல் பிளவுடன் குழு ஆரம்பப் பள்ளிகளைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்ட காலத்தில், பெற்றோர் இதற்கு மேல் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் எழுதி வைத்த பள்ளிகள் இருந்தன. பெற்றோரைப் பள்ளியின் பங்காளிகளாக்க வேண்டும் என்று அந்த அறிக்கை வற்புறுத்தியது. 1977இல் டெய்லர் குழு நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கு இடம் கேட்டது. 1980இன் கல்விச் சட்டம் அந்த இடத்தையும், பள்ளியைப் பற்றிய விவரங்களை வெளியிடும் கடமையையும் கொண்டுவந்தது. 1986இல் இன்னொரு சட்டம், ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகக் குழு பெற்றோருக்கு அறிக்கை எழுதி, கூட்டமும் கூட்ட வேண்டும் என்றது. அந்தக் கூட்டங்களுக்குப் பல ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வந்தார்கள். 2005இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது.

வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டியவர்கள், அந்தக் கூட்டங்களில் என்ன பேசப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை. பேசப்பட்டவை வரவுசெலவும் கட்டடப் பழுதும். தன் மகள் கூட்டிக் கழிக்கத் தடுமாறுகிறாளா என்று தெரிந்துகொள்ள விரும்பும் தாய்க்கு அங்கே கிடைப்பது ஒன்றுமில்லை. 2012இல் அச்சிட்ட விவரக் கையேடு கட்டாயம் என்ற விதி போய், அந்த விவரங்களை இணையதளத்தில் வெளியிட்டால் போதும் என்ற விதி வந்தது. அதோடு தேடிப் படிக்கும் வேலை முழுவதும் பெற்றோரின் தலைக்கு மாறியது. பள்ளியில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. ஆனாலும் விளைவு விளைவுதான்.

அனுப்பியாயிற்று என்பதன் உள்ளே இருப்பதைப் பார்க்க, வெள்ளிக்கிழமை பிற்பகல் வரும் வாரக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். முதலில் தலைமையாசிரியரின் வாழ்த்து. பிறகு அந்த வாரத்தின் சிறந்த மாணவர்கள், அறுவடை விழாவுக்கு டின் உணவு கொண்டுவந்தவர்களுக்கு நன்றி, காணாமற்போன தண்ணீர்க் குப்பிகள், ஓட்டப் போட்டியின் மூன்று புகைப்படங்கள். நான்காம் பக்கத்தில், உடற்பயிற்சி உடை எந்தக் கிழமை என்பதற்குக் கீழே ஒரு வரி: தகுதியுள்ள குடும்பங்கள் இலவச மதிய உணவுக்குப் பதிவு செய்யவும். அதோடு ஓர் இணைப்பு. இரவுப் பணி முடிந்து வந்து, உடைந்த திரையுள்ள கைபேசியில் இதைத் திறக்கும் தகப்பனுக்கு அந்த வரி கண்ணில் படாது. பட்டாலும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றாது.

தோன்றாததற்குக் காரணமும் இருக்கிறது. ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2014 செப்டம்பரிலிருந்து எல்லோருக்குமே இலவச உணவு. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளின் எல்லா வகுப்புகளுக்கும் அது விரிந்தது. கிழக்கு லண்டனின் நியூஹாம் கவுன்சில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. பிள்ளை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படிவம் எதற்கு என்று வீட்டில் நினைப்பது நியாயம்தான். படிவத்தின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. குறைந்த வருமானத்தின் அடிப்படையில் பதிவான ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்காகவும் பள்ளிக்குக் கூடுதல் நிதி வருகிறது. 2025-26இல் அது 1,515 பவுண்டு. ஒருமுறை பதிவானால் ஆறு ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கு தொடரும். அக்டோபர் கணக்கெடுப்புக்குள் பதிவாகாவிட்டால் அடுத்த நிதியாண்டின் பணம் போயிற்று. ஒரே குடும்பத்துக்காக ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு செய்யாமல் விட்ட பள்ளி, பல ஆயிரம் பவுண்டுகளை, அதாவது வாசிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் உதவியாளரின் பல மணிநேரத்தை, இழக்கிறது.

விசாவில் பொதுநிதி, அதாவது அரசின் உதவித்தொகைகள், பெறக் கூடாது என்ற நிபந்தனையுள்ள குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களிலும் மேற்படிப்புக்கு வந்தவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர் இந்த நிபந்தனையின் கீழ் வாழ்கிறார்கள். எந்தப் படிவத்தைத் தொட்டாலும் விசா போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. பள்ளி உணவு குடிவரவுச் சட்டத்தின் பொதுநிதிப் பட்டியலில் இல்லை. வருமான வரம்புக்குள் இருந்தால் 2023 முதல் இவர்களும் நிலையாகவே விண்ணப்பிக்கலாம். செயலியில் வரும் ஒரு வரி இந்த அச்சத்தைப் போக்காது. இதனால் உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று வாசலில் நின்று ஓர் ஆள் சொல்ல வேண்டும்.

இனி அக்கறையின்மை என்ற குற்றச்சாட்டு. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பொதுப் பள்ளிகளில் பீட்டர் பெர்க்மனும் டாட் ராஜர்ஸும் ஒரு சோதனை செய்தனர். பிள்ளை வகுப்புக்கு வராததையும் வீட்டுப்பாடம் விடுபட்டதையும் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியில் சொல்லும் ஒரே சேவை, மூன்று விதமாக வழங்கப்பட்டது. இணையதளத்தில் நுழைந்து தாமே பதிவு செய்யச் சொன்னபோது நூற்றுக்கு ஒருவர் அளவில்கூடச் சேரவில்லை. குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினால் போதும் என்றபோது 8 சதவீதம் பேர் சேர்ந்தனர். பள்ளியே சேர்த்துவிட்டு, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றபோது சுமார் 95 சதவீதம் பேர் அப்படியே இருந்துகொண்டனர். மூன்று குழுவிலும் ஒரே வகைப் பெற்றோர்தான். மாறியது வழங்கிய விதம் மட்டுமே. முதல் குழுவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவர், தொண்ணூற்றொன்பது சதவீதப் பெற்றோர் அக்கறையற்றவர்கள் என்று சத்தியம் செய்திருப்பார். இங்கிலாந்துப் பள்ளிகள், செயலியைப் பதிவிறக்கிக் கடவுச்சொல் அமைக்காத பெற்றோரைப் பற்றி அதே முடிவுக்குத்தான் வருகின்றன.

பெர்க்மன் லாஸ் ஏஞ்சலிஸில் செய்த மற்றொரு ஆய்வில், பிள்ளை எத்தனை வீட்டுப்பாடங்களை முடிக்காமல் விட்டது என்பதைப் பெற்றோர் உண்மையைவிடக் குறைவாகவே நினைத்திருந்தனர். விவரம் தெரிந்ததும் நடந்துகொண்ட விதம் மாறியது. இங்கிலாந்திலேயே, பிரிஸ்டல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உருவாக்கிய குறுஞ்செய்தித் திட்டம் 36 மேல்நிலைப் பள்ளிகளில் 15,000க்கு மேற்பட்ட மாணவர்களோடு சோதிக்கப்பட்டு, அறிக்கை 2016இல் வெளிவந்தது. வரும் தேர்வின் நாள், கொடுக்காத வீட்டுப்பாடம், இன்று வகுப்பில் படித்தது. அனுப்பியது அவ்வளவுதான். கணிதத்தில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்புக்கு இணையான முன்னேற்றமும், விடுப்பில் குறைவும் தெரிந்தன. ஒரு மாதம் என்பது பெரிய அற்புதம் இல்லை. செலவோ மாணவருக்கு ஆண்டுக்குச் சில பவுண்டுகள். அங்கே அனுப்பப்பட்டது பள்ளியின் செய்தி அல்ல, அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி. அதுவும், வீட்டில் ஏதாவது செய்ய இன்னும் நேரமிருக்கும்போது. பலனின் காரணம் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தால் அக்கறையின்மை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பிற்பகல் டியூஷன், ஞாயிறு மிருதங்கமோ பரதமோ. இவற்றுக்கு வீட்டுச் செலவைச் சுருக்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர், பள்ளியின் பெற்றோர் சந்திப்பில் காணப்படாதபோது பதிவேட்டில் வராதவர் ஆகிறார்கள். பத்து நிமிடச் சந்திப்புக்கான நேரங்கள் இணையத்தில் திறந்ததும் முந்திக்கொண்டவர்கள் மாலை ஐந்து மணிக்குப் பிந்தியவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் நிற்பவருக்கு மிஞ்சுவது மூன்றரை மணி. அந்த நேரத்தில் அவர் கடையை மூட முடியாது.

பள்ளி விட்ட இடைவெளியை வேறு வாய்கள் நிரப்புகின்றன. மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்காக அக்டோபர் 31க்குள், வசிக்கும் கவுன்சிலிடம், விருப்ப வரிசையில் பள்ளிகளைக் குறிப்பிட வேண்டும். லண்டனில் ஆறு வரை எழுதலாம். எழுதிய ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி, அதாவது உடன்பிறப்பு உண்டா, வீடு எவ்வளவு தூரம் என்பவற்றின்படி, பிள்ளையைத் தனித்தனியே வரிசைப்படுத்துகிறது. பெற்றோரின் விருப்ப வரிசை எந்தப் பள்ளிக்கும் சொல்லப்படுவதில்லை. இடம் கிடைக்கக்கூடிய பள்ளிகளில் பெற்றோர் மேலே எழுதியது எதுவோ அது மார்ச் 1 அன்று அறிவிக்கப்படுகிறது. ஆகவே ஆறையும் எழுதுவதில் நட்டமே இல்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் பேச்சோ, ஒரே பள்ளியை எழுதினால் வேறு வழியின்றி அதையே கொடுத்துவிடுவார்கள் என்பது. அதை நம்பியவர் அந்தப் பள்ளியின் எல்லைக்கு வெளியே இருந்தால், மற்றவர்கள் தேர்ந்தபின் மிஞ்சிய இடத்துக்கு, இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்துக்கு, பதினொரு வயதுப் பிள்ளையை அனுப்ப வேண்டிவரும். கெடுவைத் தாண்டி வந்த விண்ணப்பம் உரிய நேரத்தில் வந்தவை எல்லாம் முடிந்த பிறகே பார்க்கப்படும். கத்தோலிக்கப் பள்ளியை விரும்பும் குடும்பத்துக்குத் தனிப் படிவமும் பல இடங்களில் பங்குத்தந்தையின் சான்றும் வேண்டும். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு பெரும்பாலும் செப்டம்பரிலேயே. பதிவோ கோடையில் முடிந்துவிடும். டியூஷன் நிலையத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு இது ஐந்தாம் ஆண்டிலேயே தெரியும். கட்ட முடியாதவருக்குத் தெரிவிக்கக்கூடிய ஒரே இடம் அவர் பிள்ளையின் ஆரம்பப் பள்ளி. அந்தப் பள்ளி, கவுன்சில் இணையதளத்தைப் பார்க்கவும் என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அறிவைப் பணத்தோடு கட்டிவிடுகிறது.

காய்ச்சல் தடுப்பு மருந்து இதைவிடச் சிறிய விஷயம். ஆயினும் வீடுகள் மனம் நோகும் இடம். பள்ளிகளில் கொடுப்பது மூக்கில் தெளிக்கும் மருந்து. அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. இஸ்லாமியரும் சைவ உணவுக்காரரும் கேட்டால் ஊசியாகப் போடும் மாற்று மருந்து உண்டு. மின்படிவத்தில் இதைக் கேட்க முடியும் என்று தெரியாத தாய், வேண்டாம் என்று குறித்துவிடுவார், அல்லது படிவத்தைத் திறக்கவே மாட்டார். இரண்டிலும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை, பள்ளியின் பட்டியலில் அவர் மறுத்தவர்.

விடுப்பிலும் இதே கதை. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி வந்தது: பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியற்ற பத்து அரைநாள் சேர்ந்தால் அபராதத்தைப் பற்றி ஆலோசிக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. வருகைப் பதிவு மூடிய பிறகு வந்து சேரும் பிள்ளைக்கும், தக்க காரணம் இல்லாவிட்டால், அனுமதியற்ற அரைநாள் என்றே விழும். அரைமணி தாமதம் அரைநாளாக எண்ணப்படுகிறது என்பதை அபராதக் கடிதம் வந்தபின் அறிகிற குடும்பங்கள் உண்டு. மறுபக்கம், தீபாவளி போன்ற சமய நாளுக்கு விடுப்புக் கேட்டால் பள்ளி அதற்குத் தனிக் குறியீட்டோடு அனுமதி பதிய முடியும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. பல கவுன்சில்களில் அரைப்பருவ விடுமுறை அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது. உண்மையைச் சொல்லலாம் என்று தெரியாத வீட்டில், காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். புத்தாடை உடுத்த நாளில் பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பதற்கு, செப்டம்பரிலேயே ஒரு வரி எழுதாத பள்ளியும் பொறுப்பு.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு 195 நாள், 1,265 மணி என்று ஒப்பந்தம் வரையறுத்தாலும் அவர்கள் உழைப்பது அதற்கு மேல். ஆனால் இங்கே கேட்கப்படுவது கூடுதல் செய்தி அல்ல. இன்று அனுப்புவதில் பாதியை நிறுத்தினால் நேரமும் மிஞ்சும், மீதியும் கண்ணில் படும். கெடு உள்ள செய்தி தனியாக, ஒரு செய்திக்கு ஒரு வேலையாகப் போக வேண்டும். யார் இன்னும் படிவம் தரவில்லை என்ற பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. பட்டியலில் உள்ள பதினைந்து வீடுகளை அழைப்பது ஒரு முற்பகல் வேலை, அதற்கு ஆசிரியர் தேவையில்லை. வாசலில் பிள்ளையை விட வரும் பாட்டியும் பெரியம்மாவும் அன்றாடம் பார்க்கும் பலகையில் மூன்று வரி எழுத யாருக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புவதுதான் நியாயம், இங்கிலாந்தில் வாழ்கிறவர் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்பாரும் உண்டு. கற்கத்தான் வேண்டும், கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அரசுப் படிவ ஆங்கிலத்துக்கு வர ஆண்டுகள் ஆகும், அக்டோபர் 31 அந்த ஆண்டே வந்துவிடும். அதுவரை பிள்ளையே மொழிபெயர்க்கட்டும் என்பது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லும் குறையைத் தானே தாய்க்குச் சொல்ல வேண்டிய ஒன்பது வயதுப் பிள்ளை, அதைச் சுருக்கும், மாற்றும், சில சமயம் விழுங்கிவிடும். அப்படிச் செய்ததற்காக அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அதே பள்ளியில் மதிய உணவு மேற்பார்வைக்கோ வகுப்பு உதவிக்கோ வரும் தமிழ் பேசும் பெண்கள் இருக்கிறார்கள். சந்திப்பு நாளில் அவர்களுக்கு இரண்டு மணிநேரச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால், பிள்ளை வெளியே விளையாடப் போகலாம்.

இந்தப் பருவத்தின் கடைசிக் கெடு விடுமுறையைத் தாண்டி நிற்கிறது. அடுத்த செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தப் பள்ளியில் இருப்பதால் தம்பிக்கு இடம் தானாகக் கிடைக்கும் என்றும், பள்ளியோடு சேர்ந்த நர்சரியில் இருக்கும் பிள்ளை அப்படியே மேலே போய்விடும் என்றும் பல வீடுகள் நம்புகின்றன. இரண்டும் உண்மையல்ல, இரண்டுக்கும் விண்ணப்பம் வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறக்கும்போது மிஞ்சியிருப்பது ஏறத்தாழ பத்து நாள். ஆகவே நர்சரி வாசலிலும், தம்பி தங்கை உள்ள வீடுகளுக்குத் தொலைபேசியிலும் இதைச் சொல்லி முடிக்க வேண்டிய காலம் டிசம்பரின் முதல் இரண்டு வாரம்.